எட்டாம் திருப்பம்

காலை ஏழரை. அலென்தேஜோவில் மூடுபனி இன்னும்
கார்க் மரங்களின் இடுப்பளவில் நிற்கிறது.
பட்டை உரித்த தண்டுகளில் வெள்ளைச் சாயத்தில்
உரித்த வருடத்தின் கடைசி இலக்கம்.
வேலிக்கு அப்பால் மரத்தின் தோலை விற்கிறார்கள்.
இப்பால் நாங்கள்,
வேறெங்கோ வடிந்த மரத்தின் பாலைக் கறுப்பாக்கி
நான்கு வளையங்களாக மாட்டியிருக்கிறோம்.

ஜெனோவேவா டயரின் தோளில் சாக்பீஸால் கோடு இழுக்கிறாள்.
திருப்பத்தில் எவ்வளவு மடிந்து படுத்தது என்று
திரும்பி வந்ததும் அந்தக் கோடு சொல்லும்,
அழிந்த அளவால்.

தாமியாவோ டயர்களின் பெயரைச் சொல்ல மாட்டான்.
வெள்ளைப் புள்ளி ஒன்று, மஞ்சள் புள்ளி ஒன்று.
"கை என்ன சொல்கிறதோ அதை மட்டும் எழுது, இரியா."

முதலில் வெள்ளை.
இரண்டு சுற்று சும்மா. ரப்பர் அரைத்தூக்கத்தில் இருக்கிறது,
சாலையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.
மூன்றாவதில் சூடு ஏறி
கொஞ்சம் பிசுக்கு, கொஞ்சம் நம்பிக்கை.

ஒரு காரைத் தரையோடு கட்டியிருப்பது
நான்கு உள்ளங்கை.
அவ்வளவுதான்.
ஆயிரத்து நானூறு கிலோ இரும்பும்
என் பாதி கட்டிய வீட்டின் கடனும்
நான்கு உள்ளங்கை அகலத்தில்.

பிடி என்றால் ஒட்டிக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன்,
இந்த வேலைக்கு வரும்வரை.
இல்லை. சற்றே வழுக்கும்போதுதான்
டயர் அதிகமாகப் பிடிக்கிறது.
சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, அது போகும் திசை ஒன்று,
நடுவே ஆறேழு பாகை.
அந்த இடுக்கில்தான் எனக்குச் சம்பளம்.

எட்டாம் திருப்பம். இறக்கம், இடப்பக்கம், முடிவு கண்ணுக்குத் தெரியாது.
வெள்ளை முனகத் தொடங்குகிறது,
கொதிக்கப்போகும் கெட்டில் போல முதலில்,
பிறகு ஈரக் கண்ணாடியில் விரல் தேய்த்தாற்போல.
ஸ்டியரிங்கில் கனம் குறைகிறது, ஒரு காகிதத்தின் எடை.
இனி முடியாது என்று சொல்லிவிட்டு
அப்புறமும் கொஞ்ச நேரம் நிற்கிறது.
காலைத் தளர்த்துகிறேன். மன்னித்துவிடுகிறது.

ஜெனோவேவா ஊசியை ரப்பருக்குள் குத்தி வாசிக்கிறாள்,
இரவு முழுக்கக் காய்ச்சல் பார்த்த தாதியின் அலுப்போடு:
வெளியே தொண்ணூற்றொன்று, நடுவே எண்பத்தெட்டு, உள்ளே நூற்றிரண்டு.

அடுத்து மஞ்சள்.
மஞ்சள் ஓர் அற்புதம். அதை மறைக்க மாட்டேன்.
வெள்ளை கெஞ்சிய இடத்தில் இது மூச்சுக் காட்டாமல் போகிறது.
என் கழுத்துத் தசை கத்துகிறது, டயர் கத்தவில்லை.
சுற்றுக்குச் சுற்று இன்னும் கொஞ்சம் கேட்டேன்,
கேட்டதெல்லாம் கொடுத்தது.
ஐந்தாம் சுற்று, எட்டாம் திருப்பம்,
அதே வேகம், அதே கோடு,
கொடுத்துக்கொண்டே இருந்தது
இல்லை.

வானம், மரம், ஏழு என்ற எண், மரம், வானம்,
மறுபடி ஏழு.
சரளை ஆலங்கட்டியாய்க் கதவுகளில் பெய்து
நின்றது.
வேலிக்கம்பத்துக் கூட்டிலிருந்த நாரை
தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அடிபட்டதா?" ஹெல்மெட்டுக்குள் தாமியாவோவின் குரல்.
"இல்லை."
கொஞ்சம் பொறுத்து,
"மஞ்சள் ஒன்றேகால் வினாடி வேகம்" என்றான்,
சந்தோஷத்தை அடக்கப் பார்த்து, தோற்று.

படிவத்தில் இருபத்திரண்டு கட்டங்கள்.
பிடி: மஞ்சளுக்கு ஒன்பதரை.
எல்லை தாண்டியபின் நடத்தை:
இங்கே பேனா நின்றது.
இதை வாங்கப்போகிறவரை யோசித்தேன்.
ஞாயிற்றுக்கிழமை, மலைச்சாலை, யாரோ ஒரு பல் மருத்துவர்,
பக்கத்து இருக்கையில் தூங்கிவிட்ட ஒருவர்,
சரளை இருக்கவேண்டிய இடத்தில்
கல் சுவர்.

மூன்று, என்று எழுதினேன்.
காரணம் என்ற வரியில்:
சொல்லாமல் போகும்.

தாமியாவோ இரண்டு முறை படித்தான்.
"இது அளவீடு இல்லை, இரியா."

ஜெனோவேவா ஒன்றும் பேசவில்லை.
மஞ்சள் டயரை உருட்டிவந்து அவன் காலடியில் நிறுத்தினாள்.
தோளில் அவள் காலையில் இழுத்த கோடு
அப்படியே இருந்தது, நுனிகூடக் கலையாமல்.
அவ்வளவு பாரத்துக்கும் அது மடியவே இல்லை.

அவன் குனிந்து கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான்.
தொட்டதும் வந்துவிட்டது.